குப்பு அவிழ்த்த முடிச்சு

பாய் விரித்தாயிற்று. தெளித்த தண்ணீர் மண் தரையில் காய்ந்து, அதன் வாசனைகூட அடங்கிவிட்டது. கழுவிய கொட்டாங்கச்சிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். நீரள்ளவும் மணலள்ளவும் பிள்ளைகளுக்கு அவைதான் பாத்திரம். சுவரில் சோற்று மூட்டை மாட்டுகிற முளைகள் எல்லாம் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு பிள்ளையும் வரவில்லை.

"இன்னாடி இது, ஒரு குஞ்சயும் காணம்?" என்றாள் ராசாத்தி அத்தை. என் அப்பாவின் தமக்கை; எனக்குத் துணையாகக் கொட்டாயில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"வருவாங்க அத்தை. வாய்க்கால்ல தண்ணி ஜாஸ்தியா இருக்கும், சுத்தி வராங்க போல."

"எல்லாருமா சுத்தி வராளுவ?"

குருவிநத்தத்தில் எங்கள் பழைய மாட்டுக் கொட்டாயைச் சுத்தம் செய்து, நடவாள்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலெல்லாம் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் போன வாரம் கோடி காட்டியிருந்தேன். படித்த தோழி ஒருத்தி, "ஆகா, எவ்வளவு பெரிய தொண்டு!" என்றாள். தொண்டாவது! அந்த நாள்களில் என்னிடம் இருந்ததெல்லாம் பயம்தான். பிள்ளைகள் வந்தால் ஒரு பயம், வராவிட்டால் வேறொரு பயம். இது வராத நாளின் கதை.

கயிறு

நடவுக்குப் போகிறவள் பிள்ளையை என்ன செய்வாள்? கைக்குழந்தையென்றால் மரத்தில் ஏணை கட்டிப் போட்டுவிடலாம். நடக்கிற பிள்ளை ஏணையில் கிடக்குமா? பழம்புடவையைக் கிழித்துத் திரித்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையை மரத்திலும் கட்டிவிடுவார்கள். உச்சி வெயிலில் பாகூர் பக்கம் எந்த வரப்பில் நடந்தாலும் பார்க்கலாம். புங்கமரத்தடியில் ஒன்று, பூவரசடியில் ஒன்று என்று மண்ணைத் தின்றுகொண்டோ, அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டோ கிடக்கும்.

பட்டணத்து பிரெஞ்சுப் பள்ளியில் பிரவே என்கிற இறுதிப் பரீட்சை முடித்துவிட்டு ஊருக்கு வந்த சூட்டில் நான் அதைப் பார்த்துக் கொதித்தேன். மனிதக் குழந்தையைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டுவதா? யாரைப் பார்த்தாலும் இதையே பேசினேன். என் தொல்லை பொறுக்காமல்தான் அப்பா கொட்டாயைக் கொடுத்தார். "நடவு முடியற வரைக்கும்தான். ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, அன்னிக்கே மூடிடணும்" என்றார். அந்த 'ஒண்ணு' என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

அஞ்சலையின் மூத்த பையன் வாய்க்காலில்தான் போனான். நடவு நடந்துகொண்டிருந்தபோது, எல்லாரும் பார்க்கிற தூரத்தில். அவனுக்குப் பிறகு பிறந்த பெண்ணைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பம்மாள் என்று பெயரிட்டு, மூக்கும் குத்தினார்கள். எமனுக்கு வேண்டாத பிள்ளையாக இருக்கட்டும் என்று. அது போதாதென்று அஞ்சலை கயிற்றையும் குட்டையாகத் திரித்தாள். மற்றப் பிள்ளைகளின் கயிற்றில் பாதிகூட இராது.

குப்புவை முதல் நாள் அஞ்சலை கொட்டாயில் இறக்கிவிட்டாள். மூன்று வயதை நெருங்குகிற பெண், நான்கைந்து அடி நடந்தாள், நின்றாள், திரும்பினாள். மறுபடி நான்கைந்து அடி, மறுபடி நின்றாள். இடுப்பில் கயிறு இல்லை. ஆனாலும் கயிற்றின் நீளத்துக்குத்தான் நடந்தாள்.

சுவர்வரைக்கும் போய் அதைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு எத்தனையோ நாளாயிற்று. அன்றைக்கு நான் கைதட்டிய சத்தத்தில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டன. அத்தை என்னை வைத வசவை இங்கே எழுத ஆசிரியர் இடம் தரமாட்டார்.

மூட்டை வந்த வழி

பிள்ளைகளுக்குப் பசித்தால் என்ன கொடுப்பது? எங்கள் வீட்டு உலையில் வெந்ததை அவர்கள் பிள்ளைகள் தின்றால் ஊரில் ஒரு பேச்சு. அவர்கள் வீட்டுப் பானைச் சோறு எங்கள் கொட்டாயில் பரிமாறப்பட்டால் இன்னொரு பேச்சு. எனக்கு இரண்டும் அருவருப்பாக இருந்தது. ஆனால் முதல் நாளே சண்டை வந்தால் கொட்டாய் நிற்காது.

அத்தைதான் வழி சொன்னாள். "அவங்கவங்க மூட்டய அவங்கவங்க அவுத்துத் தின்னட்டும். எவ வாயும் பேசாது."

அத்தை சொன்னது சாதிப் பேச்சுக்கு ஒரு சமாதானம். நானோ அதைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டேன். அவரவர் மூட்டையை அவரவரே அவிழ்ப்பது! இதைவிடச் சிறந்த பயிற்சி உண்டா? அன்றிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் நான் முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இளக முடிந்து அனுப்புங்கள் என்று தாய்மாரிடம் மட்டும் சொன்னேன்.

அந்த முதல் வாரம்! துணி மூட்டைக்குள் பொரியும் வெல்லமும் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும், வாசனை வருகிறது, வழிதான் தெரியவில்லை. அழுகையென்றால் அப்படி ஓர் அழுகை.

"பாவி! பிரெஞ்சு படிச்சா நெஞ்சுல ஈரம் போயிடுமா?" என்று அத்தை பாய்வாள். நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். அவிழ்த்துவிடத் துடிக்கிற கைகளை வேறு என்ன செய்வது?

முதலில் அவிழ்த்தவள் குப்பு. பல்லால் கடித்து இழுத்தாள்; துணி விரிந்தது; பொரி மடியெல்லாம் சிதறியது. அவள் தின்னவில்லை. மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பொரியைத் திரும்பவும் துணியில் போட்டுக் கசக்கிக்கொண்டு வந்து, கட்டித் தரச் சொல்லி நீட்டினாள். மறுபடி அவிழ்க்கத்தான்.

பிறகு பல் வேண்டியிருக்கவில்லை, விரலே போதும். ஒரு நாள் அத்தை கண்ணயர்ந்தபோது அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த கொட்டைப்பாக்கைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இது வெளங்கிடும்" என்றாள் அத்தை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அழகான ஒரு பெயர்

இவ்வளவும் செய்கிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? பட்டணத்தில் எங்கள் பிரெஞ்சுக்கார மத்மொசேல் டீச்சர் படிக்கத் தந்த பத்திரிகையில் பாரீசில் வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடங்களைப் பற்றிப் படம் போட்டு எழுதியிருந்தார்கள். அந்தப் படங்கள் என் கண்ணிலேயே நின்றன. சுண்ணாம்பைக் குழைத்து, கொட்டாயின் முன்சுவரில் பிரெஞ்சில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் எழுதினேன்: கிரெஷ்.

நடவாள்களில் வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. "அது இன்னா எழுத்து?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே வாசித்துக் காட்டினேன். அழகாக உச்சரிப்பேன் வேறு.

பிள்ளைகள் வராத அந்தக் காலையில், அத்தை வெளியே போய் விசாரித்துவிட்டு, போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பி வந்தாள்.

"ஏண்டி கமலா, புள்ளைங்கள வேதத்துல சேக்கப் போறியாமே?"

"நானா?"

"நீதான். சொவத்துலயே எழுதி வெச்சிருக்கியாம். கிரெசுன்னா ஏசுசாமி பொறந்த மாட்டுத் தொழுவமாம். இங்க கொஞ்ச நாளு படுக்க வெச்சி, அப்பறம் பட்டணத்துலேர்ந்து சாமியார இட்டாந்து, தலையில தண்ணி ஊத்திடுவியாம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் ஒரு சந்தேகம். வீட்டுக்கு ஓடிப்போய் அகராதியைப் புரட்டினேன். முதல் பொருள், மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டி. இரண்டாவது, கிறிஸ்துமஸுக்கு ஜோடிக்கிற குடில். நான் தேடியது அதற்கும் கீழே இருந்தது. பட்டணத்தில் அத்தனை வருஷம் குடிலைப் பார்த்தும் அதன் பிரெஞ்சுப் பெயர் என் காதில் விழவேயில்லை.

குசினி பெருமாள்

ஊருக்குள் இந்த அர்த்தத்தைக் கொண்டுவரக்கூடியவர் ஒருவர்தான். பட்டணத்தில் வெள்ளைக்கார ஜட்ஜ் வீட்டுக் குசினியில் ஆயுளெல்லாம் சமைத்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட பெருமாள். வாசலில் உட்கார்ந்து வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தார். வெங்காயம் நறுக்க அரிவாள்மணை கூடாது, கத்திதான் வேண்டும் என்பவர்.

"மாமா, கிரெஷ்ஷுன்னா இன்னான்னு ஊர்ல சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன் பாப்பா. எங்க தொர வூட்ல வருசா வருசம் நான்தான ஜோடிச்சேன்? வைக்கோலு போட்டு, பொம்ம மாடு வெச்சி, நடுவுல கொழந்த."

"அது வேற. இது வேலைக்குப் போற பொம்பளைங்க புள்ளைங்கள வுடற எடம்."

"பேரு ஒண்ணுதான?"

"பேரு ஒண்ணுதான்."

"மாட்டுக் கொட்டாதான?"

"ஆமா, ஆனா..."

"வைக்கோல் கெடக்குதா?"

"பாய்க்கு அடியில போட்டிருக்கேன். மெத்துனு இருக்கட்டுமேன்னு."

"அதும்மேல கொழந்தைங்கள படுக்க வெக்கிறியா இல்லியா?"

"படுக்க வெக்கிறேன்."

"அப்பறம் நான் சொன்னதுல இன்னா தப்பு?" என்று வெங்காயத்துக்குத் திரும்பினார் பெருமாள். கண்ணில் நீர் வழிந்தது. அது வெங்காயத்தால்.

அவரோடு வாதாடிப் பயனில்லை. நேரே வயலுக்குப் போய், பெண்களிடம் பேசி, முக்கியமாக அஞ்சலையிடம் பேசி, பிள்ளைகளைக் கையோடு அழைத்துவந்துவிடுவது என்று கிளம்பினேன். போகும்போதே பேச்சைத் தயார் செய்துகொண்டேன். அன்று அதில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மரத்தடியில்

பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். முழங்கால்வரை சேறு. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. வரப்பு மரங்களில் மறுபடியும் கயிறுகள். என் பிள்ளைகள்! நேற்றுவரை கொட்டாங்கச்சியில் நீர் மொண்டு விளையாடியவை, இடுப்பில் துணி இறுக, ஈ மொய்க்கக் கிடந்தன.

வாய்க்காலோரப் புங்கமரத்தடிக்கு வந்தேன். அதுதான் அஞ்சலையின் மரம். பார்த்தேன். நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி பார்த்தேன்.

"அஞ்சல அக்கா, குப்பு எங்க?"

அவள் நிமிரவில்லை. என்மேல் கோபம். "கண்ணு தெரியல? மரத்தாண்ட கெடக்கறா."

"மரத்தாண்ட கயிறுதான் இருக்குது."

அவள் நிமிர்ந்த வேகத்தில் கையிலிருந்த நாற்று தெறித்து விழுந்தது.

கயிறு அறுந்திருக்கவில்லை. இடுப்பில் சுற்றிப் போட்ட முடிச்சு முழுதாக அவிழ்ந்து, துணி தரையில் வளைந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நுனி ஈரமாக இல்லை. பல்லால் கடிக்கவில்லை, விரலாலேயே அவிழ்த்திருக்கிறாள். அந்த நேரத்திலும் இது எனக்குத் தோன்றியதே என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"குப்பு! அடியே குப்பு!" நடவு வரிசை கலைந்து எல்லாரும் கரையேறினார்கள். ஒருத்தி கரும்புக் கொல்லைப் பக்கம் ஓடினாள். ஒருத்தி மதகுப் பக்கம் ஓடினாள்.

அஞ்சலை எங்கேயும் ஓடவில்லை. வாய்க்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனந்துண்டு

அந்த இடத்தில் வாய்க்காலைக் கடக்க ஒரு பனந்துண்டு போட்டிருக்கும். மழை பெய்தால் பெரியவர்களே உட்கார்ந்து நகர்ந்து போவார்கள். கீழே ஏரித்தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது.

பனந்துண்டின்மேல் சேற்றுக் கால் தடம் இருந்தது. சின்னத் தடம், ஐந்து விரலும் பதிந்திருந்தது. அடுத்தது கொஞ்சம் மங்கல். அதற்கு அடுத்தது இன்னும் மங்கல். துண்டின் நடுவரைக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் தடமே இல்லை.

நானும் பார்த்தேன், அஞ்சலையும் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். மார்பளவு தண்ணீர். குனிந்து, இரண்டு கைகளாலும் அடியைத் துழாவினாள். எழுந்து மூச்சு வாங்குவாள், மறுபடி முங்குவாள். சத்தமே போடவில்லை. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு நீந்தத் தெரியாது. கரையில் மண்டியிட்டு, எட்டுகிற இடமெல்லாம் கையை விட்டுத் தடவினேன். ஒரு கோரைக்கொத்து கையில் சுருண்டது. தலைமயிர் என்று நினைத்துவிட்டேன். அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியாது.

அப்போது எதிர்க்கரையில், நாற்றங்கால் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. நாற்று சுமக்கிறவளின் எரிச்சல் குரல்.

"எவ வூட்டுப் புள்ளடி இது? கட்டி வெச்ச நாத்தயெல்லாம் அவுத்துப் போட்டுகினு கெடக்குது!"

சேறு காய்ந்து உதிர்ந்தால் கால் தடம் பதியாது என்பது எனக்கு அதற்கு அப்புறம்தான் உறைத்தது.

பொரி இல்லை

நாற்றைப் பறித்து, பிடிபிடியாக வைக்கோலால் முடிந்து, வரப்பில் அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்கின் நடுவே குப்பு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அவிழ்ந்த நாற்று. ஒரு நாற்றுமுடியை மடியில் வைத்து, வைக்கோல் முடிச்சை நிதானமாக இழுத்துக்கொண்டிருந்தாள். அவிழ்ந்ததும் நாற்றைப் பிரித்து உள்ளே பார்த்தாள். கீழே போட்டுவிட்டு அடுத்த முடியை எடுத்தாள்.

அஞ்சலை சொட்டச் சொட்டப் பனந்துண்டைத் தாண்டி வந்தாள். குப்பு நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுலயும் பொரி இல்லம்மா."

அஞ்சலை அவளை முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகு வாரியெடுத்து, ஈரப்புடவையோடு சேர்த்து அணைத்து, அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். குப்பு அடிக்காக அழுதாள்.

நான் கிட்டே போனேன். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை வேறு யாரும் என்னை இதுவரை பார்த்ததில்லை.

"நீ கத்துக் குடுத்ததுதான பாப்பா?"

"ஆமாக்கா."

"கட்டுன எடத்துல கெடந்துச்சே எம்மாம் நாளா. கெடந்துச்சா இல்லியா?"

கிடந்தது. கயிற்றில் இருந்த நாளெல்லாம் குப்பு உயிரோடுதான் இருந்தாள்.  மற்றப் பெண்கள் நாற்றைப் பொறுக்கித் திரும்ப முடியத் தொடங்கினார்கள். யாரோ ஒருத்தி, "நாளைக்கு நாத்து முடி அவுக்க ஆளு வேணாம், குப்பு வந்தாச்சி" என்றாள். சிலர் சிரித்தார்கள். 

படல்

மறுநாள் காலையில் அப்பா கேட்பதற்குள் நானே கொட்டாயை மூடிவிடுவது என்றுதான் போனேன். ஈரத்துணியால் சுவரிலிருந்த பெயரைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடி கேட்டது.

அஞ்சலை. இடுப்பில் குப்பு, கையில் மூட்டை.

"அக்கா, நீங்க கேள்விப்பட்டது தப்பு. நான் யாரையும் வேதத்துல..."

"சேத்தா சேத்துக்கோ. உசுரோட இருந்தா எந்த சாமியயாச்சும் கும்புட்டுக்கட்டும்." குப்புவை இறக்கிவிட்டாள். "ரெண்டு முடிச்சி போட்டுப் பாத்தேன், மூணு முடிச்சி போட்டுப் பாத்தேன். உக்காந்து அவுக்குறா. இனிமே இவள கயிறு தாங்காது. நீதான் அவுத்து வுட்ட, நீயே பாத்துக்கோ."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். மாடு கட்டிய கொட்டாயில் கதவு ஏது? வாசலுக்கு ஒரு மூங்கில் படல். அதைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்ட ஒரு துண்டுக் கயிறு. அஞ்சலை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான் கதவா?"

"இதுதான்."

எங்களை உள்ளே தள்ளிப் படலைச் சாத்தி, எட்டிக் கையை நீட்டி, கம்பத்தின் உச்சியில் தானே கயிற்றைக் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முடிச்சும் போட்டாள். "கண்ண எடுக்காத பாப்பா. எங்கியும் போவாத" என்று சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வயலுக்குப் போனாள்.

குப்பு படலருகே வந்தாள். அண்ணாந்து முடிச்சைப் பார்த்தாள். கையை உயர்த்தினாள், எட்டவில்லை. குதிகாலைத் தூக்கினாள், அப்போதும் எட்டவில்லை.

பிறகு, ஏறி நிற்க அங்கே என்ன இருக்கிறது என்று கொட்டாயைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினாள். அவள் கண்ணில் படுமுன் அதை எடுத்து வைக்க, நானும் பார்க்கத் தொடங்கினேன்.